ஹலோ பாயும் பிரியாணிக்குள் போன வில்லையும்

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் உள்ள அத்தனை தோல் கம்பெனிகளிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், உயிரில்லாத பொருள்களிடம் ஹலோ பாய் அளவுக்கு மரியாதையாகப் பேசுகிற இன்னொருவர் கிடைக்க மாட்டார். மனிதர்களிடம் அவர் அப்படியில்லை. மேனேஜர் எதிரே வந்தால் தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ரிப்பேரான மோட்டார் எதிரே வந்தால் நின்றுவிடுவார். செருப்பைக்கூடச் சரியாகப் போட்டுக்கொண்டு, "ஹலோ, இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்பார்.

நான் ஆம்பூருக்கு வெளியே இருக்கிற ஒரு தோல் பதனிடும் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ். ஹலோ பாய் எங்கள் கம்பெனியின் மீட்டர், கருவி சமாச்சாரங்களைக் கவனிக்கும் டெக்னீஷியன். நாற்பது வயதிருக்கும். அவருடைய நிஜப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருந்தது. ஆனால் அந்த அட்டை நான் பார்த்த நாளெல்லாம் பின்பக்கம் திரும்பியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருமுறை லோடு ஏற்றுகிற இடத்தில் எடை மிஷின் காலியாக இருக்கும்போதே இரண்டு கிலோ காட்டிக்கொண்டிருந்தது. ஹலோ பாயைக் கூட்டிவந்தார்கள். வந்தவர் குனிந்து, "ஹலோ சார், யாரும் ஏறலியே, எதுக்கு இந்த வெயிட்டு?" என்றார். முள் மெதுவாக இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. பேசிக்கொண்டே அடியில் கையை விட்டு, அங்கே சிக்கியிருந்த தோல் துண்டை அவர் உருவிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. லோடு ஏற்றுகிறவர்கள் நம்பியது ஹலோவைத்தான். மறுநாளிலிருந்து அவர்கள் எல்லோரும் அந்த மிஷினுக்கு ஹலோ சொல்லிவிட்டுத்தான் மூட்டையை வைத்தார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு சமயம் மூன்று நாள் எந்த மிஷினுக்கும் ஹலோ சொல்லவில்லை.

காரணம் நாலாம் நம்பர் டிரம். தோல் கம்பெனிக்குள் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை: டிரம் என்றால் படுக்க வைத்த பீப்பாய், மரத்தால் ஆனது, மாடி வீட்டு உயரம். உள்ளே தோலும் மருந்துத் தண்ணீரும் சேர்ந்து மணிக்கணக்கில் சுற்றும். தண்ணீரின் சூடு கொஞ்சம் தப்பினாலும் அத்தனை தோலும் பாழ். சூட்டைப் பார்க்க ஒரே வழி, டிரம்மை நிறுத்தி, ஈரப் பலகை மேல் ஏறிக் கதவைத் திறந்து, தெர்மாமீட்டரை உள்ளே விடுவது. அப்படி ஏறின மணி என்கிற தொழிலாளி ஒருநாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அவனை ஆட்டோவில் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஹலோ பாய்.

திரும்பி வந்ததும் நாலாம் நம்பர் டிரம் எதிரே நின்று முறைத்தார்.

"வயர் உள்ள விட்டா சுத்துற சுத்துல முறுக்கிக்குது. பேட்டரி வச்சி ஒண்ணு போட்டேன், மருந்துத் தண்ணி தின்னுட்டுது. இதுக்கு இன்னாதான்ணா பண்றது?" என்றார் என்னிடம்.

நான் அவரைவிட நாலைந்து வயது மூத்தவன். அதனால் அண்ணா. அந்த 'ணா'வில் கம்பெனியின் எல்லாப் பிரச்சினைகளுக்கும் நானே காரணம் என்கிற தொனி எப்போதும் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்துச் சென்னையில் ஏதோ மிஷின் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். கையில் இரண்டு பொருள்கள். ஒன்று, தோசைக்கல் போலத் தட்டையான ஆன்டெனா. கைப்பிடியும் அதே மாதிரி. அதிலிருந்து ஒரு வயர் போய்ச் சின்னத் திரையுள்ள பெட்டியில் சேர்ந்தது. இன்னொன்று, வெள்ளை வெளேரென்று ஒரு வில்லை. புளியங்கொட்டை பெரிதாக இருந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

"இதுக்கு வயரும் கெடையாது, பேட்டரியும் கெடையாது" என்றார் வில்லையைக் காட்டி.

"அப்புறம் எப்படி பாய் வேலை செய்யும்?"

"நாம கூப்பிட்டா பதில் சொல்லும்ணா. இந்த ஆன்டெனாவுலருந்து ரேடியோ அலைய அனுப்புறோம். வில்லைக்குள்ள ஒரு சின்னக் கல்லு இருக்குது. அலை வந்து பட்டா அந்தக் கல்லு மேல லேசா ஒரு நடுக்கம் ஓடும். சத்தம் ஓடுற மாதிரிதான், நம்ம காதுக்குக் கேக்காது. அது ஓடிப் போய் மோதி, மறுபடி ரேடியோவா இங்கயே திரும்பி வரும். கல்லு சூடானா அது வந்து சேர்ற நேரம் மாறும். எவ்ளோ மாறுதுன்னு பார்த்தா எவ்ளோ சூடுன்னு சொல்லிடலாம். நாம அனுப்புற அலையிலயே அது பதில் சொல்லிடுது, அதுக்குன்னு தனியா சோறு தண்ணி வேணாம்."

வில்லையை என் டீ டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று ஆன்டெனாவை நீட்டினார். "ஹலோ" என்றார். திரையில் முப்பத்தொன்று என்று வந்தது. வில்லையை டம்ளருக்குள்ளேயே முக்கி எடுத்து மறுபடி கூப்பிட்டார். எண் சரசரவென்று ஏறியது. டீயை நான் அப்புறம் குடிக்கவில்லை.

ஆனால் முதலாளி சம்மதிக்கவில்லை. "டிரம்முக்குள்ள இருக்கிறது வெளிநாட்டு ஆர்டருய்யா. உன் கல்லு கழண்டு தோலைக் கீறிட்டா யார் பதில் சொல்றது? நீ சொல்ற சூடு, ஈரம், மூடி, எல்லாம் இருக்கிற எடமா வேற எங்கனா வச்சிக் காட்டு. அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

சும்மா தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். சொன்னது ஹலோ பாயிடம் என்பதை மறந்துவிட்டார்.

அடுத்த வாரம் முதலாளி மகளுக்குக் கல்யாணம். கம்பெனி முழுக்க அழைப்பு. காலை பத்து மணிக்கு நான் பட்டு வேட்டி சரசரக்க மண்டபத்துக்குள் நுழைந்தபோது, பின்பக்கத்திலிருந்து யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். ஹலோ பாய். புது ஜிப்பா, அத்தர் வாசனை, தோளில் தோசைக்கல்.

"ணா, சூடு இருக்குது. ஈரம் இருக்குது. மூடி இருக்குது. நடுவுல தெறந்து பார்க்கக் கூடாது. இன்னான்னு சொல்லுங்க?"

நான் தோசைக்கல்லைப் பார்த்தேன். "பாய், வேணாம்."

"பிரியாணி!"

சமையல்காரரை ஏற்கெனவே மடக்கிவிட்டிருந்தார். மனிதர் பிரியாணிக்குப் பேர்போனவர். அவருக்கும் தம் போட்டு மூடின பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வாழ்நாள் முழுக்க ஓர் ஆசை இருந்திருக்கிறது போலும். "சுத்தமா இருக்குமா பாய் அது?" என்று மட்டும் கேட்டாராம். வில்லையை அவர் கண் முன்னாலேயே கால் மணி நேரம் கொதிக்கவைத்துக் காட்டினாராம் ஹலோ பாய். தொலைந்துபோகாமலிருக்க வெள்ளை நூலில் கட்டி, நூலின் மறுமுனையைத் தேக்சாவின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டிருந்தார். தேக்சா என்றால் எங்கள் பக்கத்தில் பிரியாணி செய்கிற பெரிய செம்புப் பாத்திரம். மூடி போட்டு, சுற்றிலும் மைதா மாவை ஒட்டி, மூடி மேல் தணலை அள்ளிக் கொட்டினார்கள்.

ஹலோ பாய் மூன்றடி தள்ளி நின்று ஆன்டெனாவை நீட்டினார்.

"ஹலோ."

திரையில் ஒன்றும் வரவில்லை.

"ஹலோ... ஹலோ... நான்தான் பேசுறேன்."

சமையல்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஹலோ பாய் தேக்சாவைச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், இந்தப் பக்கம் போய்க் கூப்பிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "டிரம்மு மரம்ணா. ரேடியோ அலை உள்ள போய் வந்துடும். இது செம்பு. போவாது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

"மாவு ஒட்டின இடுக்குல கொஞ்சம் கசியும்னு ஒரு ஆசை" என்றார்.

சரி, தம் உடைத்ததும் நூலைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். நிக்காஹ் முடிந்தது. பேரீச்சம்பழம் வாங்கித் தின்றோம். திரும்பி வந்து பார்த்தால் கைப்பிடியில் அரை விரல் நீளத்துக்குக் கருகின நூல். மூடி மேல் கொட்டின தணல் மீதி நூலைத் தின்றுவிட்டிருந்தது. தேக்சா காலி. உள்ளே இருந்தது மொத்தமும் தட்டுகளில் அள்ளப்பட்டு, ஆண்கள் பந்திக்குப் போய்விட்டிருந்தது.

ஹலோ பாயின் முகத்தில் அந்த நேரத்தில் இருந்த நிறத்துக்கு எங்கள் சாயப் பிரிவில்கூடப் பெயர் கிடையாது.

"யாராவது முழுங்கிட்டா?" என்றேன்.

அவர் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு பெட்டியை என் கையில் திணித்தார். "ணா, நீங்க நம்பரை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குள் நுழைந்தார்.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் வரிசையாக மேஜைகள். கத்தரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியுமாக எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள். ஹலோ பாய் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் நின்று, தட்டை நோக்கி ஆன்டெனாவை நீட்டி, உதடு அசையாமல் "ஹலோ" என்றார். நான் பட்டு வேட்டியோடு வயரில் கட்டின ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலேயே போனேன்.

"இன்னா பாய் இது?" என்றார் ஒருவர்.

"ஏசி காத்து சரியா வருதான்னு பார்க்குறோம்."

"வரல. இந்தப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி வைக்கச் சொல்லு."

அடுத்த மேஜையில் ஒருவர் எங்களை வைஃபை ஆட்கள் என்று முடிவு கட்டி, பாஸ்வேர்டு கேட்டார். இன்னொருவர் தன் போனை நீட்டி, "டவரே இல்ல, ஒரே பேஜாரா இருக்குது, இந்தப் பக்கமும் ஒரு தடவை காட்டு" என்றார். ஹலோ பாய் காட்டினார். டவர் வந்துவிட்டது என்று அவர் சந்தோஷமாகத் தலையாட்டியது இன்றுவரை எனக்குப் புரியாத அதிசயம்.

மூன்றாவது வரிசையில் திரை மினுக்கியது.

"முப்பத்தி நாலு" என்றேன்.

ஹலோ பாய் அப்படியே நின்றுவிட்டார். "சரியாப் பாருங்க."

"முப்பத்தி நாலு."

அவர் என் காதருகே குனிந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் குரலில் உயிர் திரும்பியிருந்தது. "யாரும் முழுங்கலணா. வயித்துக்குள்ள போயிருந்தா பதிலே வராது, ஒடம்புல இருக்கிற தண்ணி தடுத்துடும். தட்டுல இருந்தா இந்நேரம் அம்பதுக்கு மேல காட்டணும், பிரியாணி ஆவி பறக்குது பாருங்க. முப்பத்தி நாலுன்னா, யாரோ ஒருத்தர் மேல இருக்குது. சட்டைப் பாக்கெட்டுல."

ஆன்டெனாவை மெல்லத் திருப்பினார். இடது பக்கம் திருப்பினால் எண் மறைந்தது. வலது பக்கம் வந்தால் பளிச்சென்று வந்தது. வலது பக்கத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பெரிய மாமு.

பெரிய மாமு முதலாளிக்குத் தாய்மாமன். கம்பெனியின் மூத்த பங்குதாரர். எண்பதை நெருங்கியவர். அவர் எதிரில் முதலாளியே உட்கார மாட்டார். காது கொஞ்சம் கம்மி. கல்யாணத்துக்காகப் போன மாதம்தான் அங்கங்கே புதுப் பல் கட்டியிருந்தார். தட்டில் பாதி பிரியாணி அப்படியே இருந்தது. மாமு வாயை இறுக மூடிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹலோ பாய் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார். மாமுவின் கை சட்டென்று சட்டைப் பையின் மேல் போய் விழுந்தது.

"சொல்லாத" என்றார் மாமு. ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. எனக்கே நன்றாகக் கேட்டது. "பல்லு. கடிச்சேன், வந்துட்டுது. கட்டி ஒரு மாசம்கூட ஆவல. இவனுங்களுக்குத் தெரிஞ்சா பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க."

நல்லவேளை, பக்கத்திலிருந்தவர்களுக்கு அப்போதுதான் பிரெட் அல்வா வந்திருந்தது.

எனக்கு விஷயம் விளங்கியது. புதிதாகப் பல் கட்டியவருக்கு எது சொந்தப் பல், எது கட்டின பல் என்று நாக்குக்கே குழப்பமாக இருக்கிற நேரம். நூல் அவிழ்ந்துபோன வில்லை வாயில் வெள்ளையாக, கெட்டியாக அகப்பட்டதும், போச்சு என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். இனி என்ன, "மாமு, அது பல்லு இல்ல, நம்ம சாமான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் வாயைத் திறந்தேன். ஹலோ பாய் என் காலை மிதித்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மாமுவின் காதுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவேண்டும் என்றால் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"இன்னாய்யா நடக்குது இங்க? மாமு மூஞ்சிக்கு நேரா தோசைக்கல்லைத் தூக்கினு நிக்கிற?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமுவின் கை சட்டைப் பையை விட்டு அசையவில்லை. அந்தக் கிழவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் அதைப் பார்த்ததில்லை.

ஹலோ பாய் தன் ஜிப்பா பைக்குள் கையை விட்டு, மூடிய கையை வெளியே எடுத்துக் காட்டினார். "மன்னிச்சிக்குங்க முதலாளி. என் சாமான் ஒண்ணு காணாம பூட்டுதுன்னு தேடினேன். என் பாக்கெட்லயே இருந்துக்குது. சரியான பைத்தியக்காரன் நான்."

அந்தக் கைக்குள் ஒன்றுமில்லை என்பது மொத்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "விருந்தாளிங்க முன்னாடி மானத்தை வாங்கிட்ட. இனிமே அந்தச் சனியன் கம்பெனிக்குள்ள வரக்கூடாது. கேட்லயே பிடுங்கிடச் சொல்றேன்" என்றார். ஹலோ பாய் தலையை ஆட்டினார். மேனேஜருக்கு ஆட்டுவது போலில்லை. நன்றாகக் குனிந்தே ஆட்டினார்.

வெளியே வந்து ஆன்டெனாவின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருந்த ஒரு சான்ஸும் போச்சு. அந்த வில்லைக்காக எத்தனை நாள் அலைஞ்சீங்க?"

"மாமு பாதிதான்ணா சாப்ட்டாரு" என்றார் அவர். "அல்வா மெத்துனு இருக்குது, அதை ரெண்டாவது தடவை வைக்கச் சொல்லிட்டு வர்றேன், இருங்க."

அடுத்த வாரம் முழுவதும் அவர் பழையபடி மோட்டார்களிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர் டிரம் இருக்கும் பக்கம் போகவில்லை. மணிக்கட்டில் கட்டோடு வந்த மணி, தான் குணமானதும் மறுபடி அதே பலகையில்தான் ஏறவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று ஹலோ பாய் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே மூடிவைத்தார்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெரிய மாமுவின் கார் வந்தது. அவர் கம்பெனிக்குள் வந்தே வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. முதலாளி ஓடிவந்தார். மாமு அவரைக் கண்டுகொள்ளாமல் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த தோசைக்கல்லுக்காரனைக் கூப்பிடு" என்றார்.

ஹலோ பாய் வந்து நின்றார். மாமு கைக்குட்டையைப் பிரித்து, வெள்ளை வில்லையை மேஜை மேல் வைத்தார்.

"பல் டாக்டர்கிட்ட போய் இதை ஒட்டுடான்னு சொன்னேன். அவன் என் வாயைப் பார்த்தான். இதைப் பார்த்தான். மறுபடி என் வாயைப் பார்த்தான். 'பெரியவரே, உங்க பல்லு எல்லாமே எடத்துல இருக்குது. இது ஒண்ணு ஜாஸ்தி'ன்னான்."

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. மாமுதான் முதலில் ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, கட்டின பல் கட்டாத பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். பிறகு ஹலோ பாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கே உனக்குத் தெரியும். இல்லியா?"

ஹலோ பாய் இந்த முறையும் தலையை மட்டும் ஆட்டினார்.

"இது இன்னா பண்ணும்?"

ஹலோ பாய் விளக்கினார், மாமுவின் காதருகே வாயை வைத்துக் கத்திக் கத்தி. கல்லு, நடுக்கம், ரேடியோ என்று அவர் போட்ட சத்தத்தில் தோல் எடை போடுகிறவர்கள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். மணி விழுந்த கதையையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. ஆனால் மாமுவுக்கு அது கேட்டுவிட்டது.

"எந்த டிரம்மு?" என்றார் மாமு எழுந்து.

அன்று மத்தியானமே வில்லையை ஒரு கெட்டியான கூட்டுக்குள் வைத்து, நாலாம் நம்பர் டிரம்மின் உள்சுவரில் பதித்தார்கள். டிரம் சுற்ற ஆரம்பித்தது. மாமு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி பின்னால் நின்றார். மணி கட்டுப்போட்ட கையோடு தள்ளி நின்றான். ஹலோ பாய் ஆன்டெனாவைத் தூக்கினார். வழக்கமான அந்த வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

வில்லை தண்ணீருக்குள் முங்கிப் போகும்போது திரை வெறுமையாக இருந்தது. சுற்றி மேலே வந்ததும் ஓர் எண். முப்பத்தி ஆறு. மறுபடி முங்கியது. மறுபடி வந்தது. முப்பத்தி ஆறு. டிரம்மை நிறுத்தச் சொல்லி, நானே ஏறித் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். இறங்கி வந்து எல்லோருக்கும் காட்டினேன். அதுவும் முப்பத்தி ஆறுதான்.

"அப்ப நான் இனிமே ஏற வேணாமா?" என்று கேட்டான் மணி.

"நீ இங்க நின்னு நம்பரைப் படிச்சா போதும்" என்றார் ஹலோ பாய். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். மருந்து நெடி என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

இப்போது எங்கள் கம்பெனியில் எட்டு டிரம்களிலும் வில்லை இருக்கிறது. வாலாஜாபேட்டைப் பக்கமிருந்தெல்லாம் ஹலோ பாயைக் கூப்பிடுகிறார்கள். தோளில் ஆன்டெனாவை மாட்டிக்கொண்டு கம்பெனி பைக்கில் போய்விட்டு வருகிறார். போகிற இடத்திலெல்லாம் மனிதர்களுக்குத் தலையாட்டல்தான்.

போன மாதம் எனக்கு நல்ல காய்ச்சல். மூன்று நாள் லீவு. மூன்றாம் நாள் சாயங்காலம் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது வாசலில் அவர் குரல் கேட்டது. ஆம்பூரிலிருந்து குடியாத்தம் வரைக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் ஒரு கருவியும் இல்லை. சாத்துக்குடிப் பையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார்.

"ஜாஸ்தியாத்தான்ணா இருக்குது" என்றார்.

அவர் அந்தக் கையை எடுக்கிறவரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.